சம்பந்தியின் பாட்டிக்கு ஒரு வில்லங்கச் சான்று

எங்கள் பேரனுக்குப் பெயர் தேடும்போதுதான் இதெல்லாம் ஆரம்பித்தது.

நியூஜெர்சியில் மகன் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். மருமகள் ஐரிஷ் வம்சாவளியில் வந்த அமெரிக்கப் பெண். ஆனால் என்னை 'அத்தை' என்றுதான் கூப்பிடுவாள். "எங்கள் பக்கம் முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரை வைப்போம். பெயரைச் சுமப்பவன் பெயரன், அதுதான் பேரன்" என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சம்பந்தி அம்மாள் சிரித்தார்.

"எங்கள் அயர்லாந்திலும் அதே கதைதான், சம்பந்தி. முதல் பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர். அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். பெண் பிள்ளைகளுக்கு முதலில் அம்மாவின் அம்மா, அப்புறம் அப்பாவின் அம்மா."

"அப்படியானால் உங்கள் பாட்டிக்கு யார் பெயர்?" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. தெரியாது. பாட்டி அயர்லாந்தின் கார்க் மாவட்டத்திலிருந்து கப்பலில் தனியாக வந்தவர். நியூயார்க்கில் ஒரு பணக்கார வீட்டில் வேலைக்காரியாக இருந்து, கல்யாணம் செய்து, 1971-ல் போய்ச் சேர்ந்தார். பிறந்த ஊரைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அங்கே எனக்கு யாரும் இல்லை." குடும்பத்தில் அவரை அநாதை என்றே நினைத்துவிட்டார்கள். இன்னொரு கதையும் உண்டு. பெயருக்கு முன்னால் இருந்த 'ஓ' என்ற எழுத்தை எல்லிஸ் தீவு அதிகாரி அலட்சியமாக விட்டுவிட்டான், அன்றிலிருந்து குடும்பப் பெயரே மாறிவிட்டது என்று.

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் 31 வருடம் குப்பை கொட்டியவள். ஒரு மனை வாங்க வேண்டும் என்றால் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்போமா? ஒரு பாட்டியைப் பற்றி மட்டும் எப்படி வாய்வார்த்தையை நம்புவது? "போட்டுப் பார்த்துவிடலாம்" என்றேன்.

நிலத்துக்கானாலும் ஆளுக்கானாலும் முறை ஒன்றுதான். கையில் இருப்பதிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். இறப்புச் சான்று, அதிலிருந்து கல்யாணச் சான்று, அதிலிருந்து கப்பல் பட்டியல். முன்னாலிருந்து ஆரம்பித்தால் அதே பெயரில் நூறு பேர் வந்து நிற்பார்கள். நியூயார்க் நகர ஆவணக் காப்பகம் பழைய கல்யாணச் சான்றுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதில் மணப்பெண்ணின் அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் இருக்கும். அந்த இரண்டு பெயரையும் சம்பந்தி தன் 66-வது வயதில் முதல் தடவையாகப் படித்தார்.

அடுத்து கப்பல் பட்டியல். பாட்டி வந்தது 1908-ல், 19 வயதில். இது எங்கள் அதிர்ஷ்டம். 1907-லிருந்து அமெரிக்கா போட்ட புதுப் படிவத்தில் ஒரு கூடுதல் கட்டம் உண்டு: 'புறப்பட்ட நாட்டில் உள்ள நெருங்கிய உறவினர் பெயர், முகவரி.' அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தது 'அப்பா' என்று. அப்பா பெயர். ஏதோ ஓர் ஊரின் பெயர், கிறுக்கலாக. பயணச் செலவு கொடுத்தது யார் என்ற கட்டத்தில் 'அக்கா'.

அநாதை இல்லை. அக்கா இருந்திருக்கிறார். அப்பா இருந்திருக்கிறார்.

அந்த 'ஓ'வும் பட்டியலில் பத்திரமாக இருந்தது! எல்லிஸ் தீவில் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது அமெரிக்காவில் பாதி வீடுகளில் சொல்லப்படும் கதை. உண்மையில் அங்கே யாரும் பெயரை எழுதவே இல்லை. கப்பல் கம்பெனிக்காரர்கள் புறப்படும் துறைமுகத்திலேயே பட்டியல் போட்டுக் கொண்டுவந்ததை வைத்து 'இது நீதானே' என்று சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். ஆக, 'ஓ'வை எடுத்தது பாட்டியேதான். இதைச் சொன்னபோது சம்பந்திக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அந்த அதிகாரியை எழுபது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்த குடும்பம் அல்லவா?

அந்தக் கிறுக்கல் ஊர் மட்டும் பிடிபடவில்லை. அயர்லாந்தில் 'டவுன்லேண்ட்' என்று ஒரு கணக்கு. பெயரில்தான் டவுன் இருக்கிறதே தவிர, நம் ஊர் குக்கிராமத்தைவிடச் சின்னது. சில இடங்களில் நாலைந்து வீடுதான். நாடு முழுக்க அப்படி 60,000-க்கு மேல் இருக்கின்றன. அது தெரியாவிட்டால் மேற்கொண்டு நகர முடியாது. "நேரில் போய்க் கேட்டுவிடலாம்" என்று சம்பந்தி டிக்கெட் போட்டுவிட்டார். போன மே மாதம் சம்பந்தி, மருமகள், நான் மூவரும் கிளம்பினோம். பேரனை அவன் அப்பாவே பார்த்துக்கொண்டான். அது தனிக் கட்டுரை.

கார்க் நகரத்திலிருந்து கோவ் போகும் ரயிலுக்கு அரை மணிகூட ஆகாது. இரண்டு பக்கமும் தண்ணீர், சேறு, கொக்கு மாதிரிப் பறவைகள். கொஞ்ச நேரம் பிச்சாவரம் பக்கம் போகிற மாதிரியே இருந்தது, குளிரைத் தவிர. கோவ் ஒரு தீவு ஊர். கடலை ஒட்டி வரிசையாக, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக வீடுகள். மேட்டின் உச்சியில் பெரிய தேவாலயம். அதில் 49 மணிகள். மணிக்கு ஒரு தரம் ஊரே அதிர்கிறது.

விக்டோரியா ராணி 1849-ல் வந்து இறங்கியதால் இதற்கு 'குயின்ஸ்டவுன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாடு விடுதலையாகும் சமயத்தில் பழைய பெயரையே திரும்ப எடுத்துக்கொண்டது. 1912-ல் டைட்டானிக் கடைசியாக நின்ற துறைமுகமும் இதுதான். சுற்றுலாக்காரர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். ஆனால் இந்த ஊரின் கதை டைட்டானிக் இல்லை. 1848-லிருந்து 1950 வரை அயர்லாந்தை விட்டுப் போனவர்கள் 60 லட்சம் பேர் என்றால், அதில் 25 லட்சம் பேர் இந்த ஒரே துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்கள் வந்து இறங்கிய பழைய ரயில் நிலையத்தில்தான் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது.

அதற்கு வெளியே, கடலோரத்தில் ஒரு வெண்கலச் சிலை. ஓர் அக்கா, இரண்டு தம்பிகள். அக்காவின் பெயர் ஆனி மூர்.

இவள் கதையைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 1892 ஜனவரி 1, எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்த முதல் நாள். முதல் ஆளாக உள்ளே நுழைந்தவள் இந்த ஆனி. தம்பிகள் ஆன்டனி, பிலிப் இருவரையும் அழைத்துக்கொண்டு, இதே துறைமுகத்திலிருந்து 'நெவாடா' என்ற கப்பலில் போனவள். அப்பாவும் அம்மாவும் முன்னமே நியூயார்க்குக்குப் போய்விட்டார்கள். அதிகாரி அவளுக்கு 10 டாலர் தங்கக் காசு பரிசாகக் கொடுத்தார். பத்திரிகைகள் வயது 15 என்று எழுதின, உண்மையில் 17. முதல் நாளிலேயே பதிவில் ஓட்டை!

பிறகு ஆனி என்ன ஆனாள்? பல வருடங்களாகச் சொல்லப்பட்ட கதை இது: அவள் மேற்கே டெக்சாஸ் பக்கம் போனாள், வசதியாக வாழ்ந்தாள், 1923-ல் டிராம் மோதிச் செத்துப் போனாள். அமெரிக்கா ஆசைப்படும் மாதிரியான கதை. பரந்த நிலம், புது வாழ்க்கை, கடைசியில் ஒரு சோகம். 1993-ல் கோவிலும் எல்லிஸ் தீவிலும் சிலை வைத்தபோதும் எல்லாரும் நம்பியது அதைத்தான்.

மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஒரு ஆவணப்படத்துக்காகத் தேடும்போது டெக்சாஸ் ஆனியின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் இருந்தது அயர்லாந்து இல்லை, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம்! கப்பலே ஏறாத பெண்ணுக்குத்தான் அத்தனை வருடமும் மரியாதை நடந்திருக்கிறது. நிஜ ஆனி எங்கே? தகவல் தருபவருக்கு 1,000 டாலர் என்று 2006-ல் அறிவித்தார். நியூயார்க் நகர ஆவணத் துறையின் ஆணையராக இருந்த பிரையன் ஆண்டர்சன் தம்பி பிலிப்பின் குடியுரிமைச் சான்றைக் கண்டுபிடித்தார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதில், சில வாரங்களிலேயே ஆனியின் சொந்தக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள்.

நிஜ ஆனி எங்கேயும் போகவில்லை. கப்பல் இறங்கிய நியூயார்க்கிலேயே, கீழ் கிழக்குப் பக்கம் என்கிற ஏழைகளின் பேட்டையிலேயே, சில தெருக்களுக்குள் முழு வாழ்க்கையையும் வாழ்ந்து முடித்தாள். 1895-ல் கல்யாணம். கணவர் ஜெர்மன் குடும்பத்துப் பையன், மீன் மார்க்கெட்டில் வேலை. குறைந்தது 11 பிள்ளைகள் பெற்றாள். வளர்ந்து ஆளானது ஐந்து. 1924-ல் இதயம் நின்று போனபோது வயது 50. குயின்ஸ் பகுதியிலுள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்தில், சின்னதிலேயே இறந்துபோன பிள்ளைகளோடு சேர்த்துப் புதைத்தார்கள். பெயர் சொல்ல ஒரு கல்கூட இல்லை. 84 வருடம் கழித்து, 2008 அக்டோபரில்தான் ஐரிஷ் நீலச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு சிலுவை வைத்தார்கள்.

அந்தக் கல்லை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அயர்லாந்து கிளம்புவதற்கு முந்தின வாரம் சம்பந்தி கூட்டிப் போனார். மன்ஹாட்டன் கட்டடங்கள் பின்னால் தெரிய, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கற்கள், கற்கள். சுமார் 30 லட்சம் பேர் அங்கே உறங்குகிறார்களாம். அதனால் கோவில் அந்தச் சிலையைப் பார்த்தபோது எனக்கு வேறு மாதிரி இருந்தது. பளபளப்பான வெண்கலம். கையில் பெட்டியோடு படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம். அந்தப் பெண்ணுக்குத்தான் மீன் நாற்றமும், பதினொரு பிரசவமும் காத்திருந்தன. டெக்சாஸ் கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது இவளுடையது இல்லை.

"என் பாட்டி கதையும் இப்படித்தான் போலிருக்கிறது" என்றார் சம்பந்தி.

அருங்காட்சியகத்தில் இருந்த பெண்மணியிடம் கப்பல் பட்டியலின் நகலைக் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். வாயால் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். "காதில் விழுந்ததை இங்கிலீஷ்காரன் எழுதியிருக்கிறான். ஐரிஷ் மொழியில் சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்" என்று ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார். மேற்கு கார்க்கில் இருக்கிற ஒரு டவுன்லேண்ட். மூன்று மாதமாக எங்களுக்கு உதைத்தது, மூன்று நிமிஷத்தில் முடிந்தது.

அன்றைக்கு ராத்திரி தங்கும் அறையில் போனை வைத்துக்கொண்டு மூன்று பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்தோம்.

அயர்லாந்தில் பழைய பதிவு தேடுவது என்பது எரிந்த வீட்டில் சாமான் பொறுக்குகிற மாதிரி. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுச் சண்டையில், டப்ளின் நகரத்தில் பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூறு வருடத்துக் காகிதம் சாம்பலாகி ஊர் முழுக்கப் பறந்ததாம். 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பாலானவை அதில் போயின. 1861, 1871 கணக்குகளை அரசாங்கமே முன்னமே அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகளை முதல் உலகப் போர் சமயத்தில் கூழாக்கிவிட்டார்கள். பாதுகாப்புக்காக என்று அந்தக் காப்பகத்தில் ஒப்படைத்த தேவாலயப் பதிவேடுகளும் ஏராளமாக எரிந்தன. கத்தோலிக்கப் பாதிரியார்கள் யாரிடமும் கொடுக்காமல் தங்கள் அலமாரியிலேயே பூட்டி வைத்திருந்தவை தப்பித்தன. எங்கள் அலுவலக ரெக்கார்டு ரூமை நினைத்துக்கொண்டேன். வேண்டாம், சொன்னால் வம்பு.

முழுசாக மிஞ்சியது 1901, 1911 கணக்குகள் இரண்டுதான். அந்தந்த வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட படிவத்தையே அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் படம் எடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. காசு கிடையாது. அதற்கு முந்தின காலத்துக்கு 'கிரிஃபித் மதிப்பீடு' என்று ஒரு வரிக் கணக்கு உண்டு. 1847-லிருந்து 1864 வரை எடுத்தது. யார் நிலம், யார் குத்தகை, எவ்வளவு என்று நம் சிட்டா அடங்கல் மாதிரியே இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது.

டவுன்லேண்ட் பெயரைப் போட்டோம். வந்துவிட்டது, 1901. அப்பா, 54 வயது, விவசாயி. அம்மா. பிள்ளைகள் வரிசையாக. அதில் 12 வயதில் 'மாணவி' என்று பாட்டி! சம்பந்தி திரையைத் தொட்டுப் பார்த்தார். வரிசையின் கடைசியில் இன்னொரு பெயர். வீட்டுத் தலைவரின் அம்மா, விதவை, 80 வயது, எழுதப் படிக்கத் தெரியாது, பேசுவது ஐரிஷ். அவர் பெயரும் பாட்டியின் பெயரும் ஒன்று.

"சம்பந்தி... அப்பாவின் அம்மா பெயர்!" என்று கத்திவிட்டார். பக்கத்து அறையில் யாரோ சுவரைத் தட்டினார்கள்.

80 வயது என்றால் 1821-ல் பிறந்தவர். 1845-ல் உருளைக்கிழங்கு அழுகி வந்ததே ஒரு பஞ்சம், பத்து லட்சம் பேர் செத்து, அதற்கு மேல் ஊரைவிட்டு ஓடினார்களே, அப்போது 24 வயதுப் பெண். மேற்கு கார்க்கில் அந்தப் பஞ்சம் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அதில் பிழைத்த பாட்டியின் பெயரைத்தான் பேத்தி அமெரிக்காவுக்குச் சுமந்து போயிருக்கிறாள்.

அடுத்து 1911. இங்கே ஒரு வேடிக்கை. பத்து வருடத்தில் அப்பாவின் வயது 54-லிருந்து 70 ஆகியிருந்தது! மருமகள் தப்பான ஆள் என்றாள். இல்லை. 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் என்று 1908-ல் சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் யாரிடமும் பிறப்புச் சான்று கிடையாது. பிறப்பைக் கட்டாயமாகப் பதிய ஆரம்பித்ததே 1864-ல்தான். விடுவார்களா? நாடு முழுக்கக் கிழவர்களுக்குத் திடீரென்று வயதாகிவிட்டது. 1839 ஜனவரியில் அடித்த பெரும் புயல் ஞாபகமிருக்கிறதா என்று கேட்டுக்கூட வயதை முடிவு செய்தார்களாம். தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தி, பிந்தி என்று எங்கள் அத்தை பிள்ளைகளின் வயதைக் கணக்குப் போடுவார். அதே கதைதான்.

சிரித்து முடித்துவிட்டு அம்மாவின் வரிக்கு வந்தோம். 1911 படிவத்தில் கல்யாணமான பெண்களுக்கு மட்டும் மூன்று கட்டங்கள் உண்டு. கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவை எத்தனை. பிறந்தது 9. இருப்பது 7.

வீட்டில் இருந்ததோ இரண்டு பையன்கள்தான். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெருக்கல் குறி போட்டிருந்தார். எழுதியது ஊர் போலீஸ்காரர். கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனவர்கள் அவர்கள்தான்.

சம்பந்தி வெகு நேரம் அந்த ஏழையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக விரலை மடக்கினார். "வீட்டில் இரண்டு. அமெரிக்காவில் அக்கா ஒன்று. மற்றவர்கள் எங்கேயோ மூன்று." ஆறாவது விரலில் நிறுத்தினார். "போலீஸ்காரர் கேட்டபோது அந்த அம்மாள் என் பாட்டியையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்."

மறுநாள் வாடகைக் காரில் அந்த டவுன்லேண்டுக்குப் போனோம். ஒரு கார் மட்டும் போகிற பாதை. இரண்டு பக்கமும் கல் அடுக்கின வேலி, மஞ்சள் பூ பூத்த முட்செடி. வயலில் நின்ற ஒரு பெரியவர் குடும்பப் பெயரைக் கேட்டதும், 'ஓ'வைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லிவிட்டு, மேட்டைக் காட்டினார். கூரை இல்லாத கல் வீடு. உள்ளே ஒரு மரம் வளர்ந்து நிற்கிறது. அடுப்பு இருந்த இடம் மட்டும் கரியோடு அப்படியே இருக்கிறது.

அமெரிக்கா கிளம்புகிறவர்களுக்கு முந்தின ராத்திரி வீட்டில் ஒரு சடங்கு நடக்கும் என்று அந்தப் பெரியவர் சொன்னார். 'அமெரிக்கத் துக்கம்' என்று பெயராம். இழவு வீடு மாதிரியே அக்கம்பக்கம் எல்லாம் கூடி, சாப்பாடு, பாட்டு, ஆட்டம், விடியும் நேரத்தில் ஒப்பாரி. திரும்பி வரமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். உயிரோடிருக்கும் பெண்ணுக்கு அழுது முடித்து, கோவுக்கு ரயில் ஏற்றிவிடுவார்கள்.

அப்படியும் ஏன் 'யாரும் இல்லை' என்றார்? கடிதம் போட்டாரா? பணம் அனுப்பினாரா? சண்டையா? அதற்குக் கட்டம் போட்ட படிவம் எந்த நாட்டிலும் இல்லை. சம்பந்தி அடுப்புக் கல்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நானும் மருமகளும் வெளியே வந்துவிட்டோம்.

திரும்பும் ரயிலில் அவர் தன் நோட்டில் பேரனுக்காக மரம் வரைந்துகொண்டிருந்தார். தன் பக்கம் 1821 வரை போய்விட்டது. என் பக்கத்துக் கிளையைக் காட்டி, "உங்கள் அப்பாவின் அம்மா பெயர் சொன்னீர்கள். அவருடைய அம்மா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அப்பாயியின் அம்மா. 'லால்குடிப் பாட்டி' என்று கேள்விப்பட்டதோடு சரி. அடுத்தவர் சொத்துக்கெல்லாம் 31 வருடம் வில்லங்கம் போட்டுக் கொடுத்தவள். அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் அண்ணனைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது ராத்திரி பத்து மணி இருக்கும். தூக்கக் கலக்கத்தில் அண்ணன் கொஞ்சம் யோசித்தார்.

"பெட்டியில பழைய பத்திரம் ஒண்ணு கிடக்கும்மா. வந்து பாரு. பாட்டி பேரு இருக்கும். கையெழுத்து இருக்காது, கைநாட்டுதான்."